தலைவர் நீட்டிய நெற்றி

ஜனவரி 18, ஞாயிறு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மருதங்குளம் நகராட்சி, பதினோராவது வார்டு, சன்னதி கிழக்குத் தெருவில், இன்று காலை நல்ல நேரம் பார்த்து, நாதஸ்வரம் முழங்க, வாழைமரங்கள் சாட்சியாக, நகர்மன்றத் தலைவர் உயர்திரு நீலமேகம் அவர்களின் பொற்கரங்களால் ஒரு குப்பைத்தொட்டி திறந்து வைக்கப்பட்டது. தொட்டிக்கு மூடி கிடையாது. ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. ஆனாலும் திறந்தார்.

ரிப்பனை வெட்டினார். வெட்டிய ரிப்பனையே முதல் குப்பையாகப் போட்டார். கைதட்டல். கைதட்டியவர்கள் விவரம்: தட்டுவதற்காக வேனில் கூட்டிவரப்பட்டவர்கள், மற்றும் என் அப்பா.

என்னைப் பற்றி எதிர்கால வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. பெயர் தட்சிணாமூர்த்தி. பதினோராம் வகுப்பு. வாயே திறக்காமல் உபதேசம் செய்த சாமியின் பெயரை, வாயே மூடாத பிள்ளைக்கு வைத்த குடும்பம். அப்பா சொக்கலிங்கம், பாரம்பரியக் கட்சியின் வார்டுச் செயலாளர். இருபது வருடமாகப் போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, கோஷம் போட்டு அந்தப் பதவிக்கு வந்தவர். எங்கள் நகராட்சியைப் பத்து வருடமாக அந்தக் கட்சிதான் ஆள்கிறது. எங்கள் வார்டு கவுன்சிலரும் அதே நீலமேகம்தான். குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். சாலையைச் சாலை என்று சொல்ல நல்ல மனது வேண்டும். பாரம்பரியக் கட்சியில் பாரம் எங்களுக்கு, பரியம் என்கிற பரிசப்பணம் அவர்களுக்கு.

மதியம் தெரு உறங்கிய நேரத்தில் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை ஒன்றைச் சாத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் யாரோ சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். இனி எவன் அதில் குப்பை போடுவான்? அரசுத் திட்டம் ஒன்றை ஒரே நாளில் தனியாளாக முடக்கிய பெருமை என்னையே சேரும்.

ஜனவரி 21, புதன்

அக்கா ஓடப்போய், ஓடாமல் திரும்பி வந்தாள்.

அக்கா வேதநாயகி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இடைப்பட்ட காலத்தில் அப்பாவும் அம்மாவும் எனக்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார்களாம், இப்போது வருந்துகிறார்கள். அக்கா போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டாள். பிப்ரவரி 14 உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். இதை விட்டால் அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். ஒன்பது மணிக்கு மருந்துக்கடை வேலைக்குப் போக வேண்டும் என்பதால் விடியற்காலை நகராட்சி மைதானத்தில்தான் ஓடுவாள்.

இன்று கேட்டில் புதுப் பூட்டு. பக்கத்தில் புதுப் போர்டு. நான் சைக்கிளில் போய்ப் படித்துவிட்டு வந்தேன். “பெண்கள் மைதானத்தைப் பயன்படுத்தும் நேரம் காலை 10 முதல் மாலை 3 வரை மட்டும். நம் மண்ணின் பண்பாட்டுக்கு உகந்த உடை அவசியம். – நீலமேகம்.” பத்திலிருந்து மூன்று வரை அந்த மைதானத்தில் காக்கா கூட நிற்காது. நின்றால் வறுவல்.

அப்பா சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தலைவர் ஒண்ணு செஞ்சா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்மா.”

“அர்த்தத்த நீங்களே வச்சுக்கங்க. அவளுக்குச் சாவிய வாங்கிக் குடுங்க,” என்றாள் அம்மா.

அக்கா ஷூவின் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 22, வியாழன்

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பேச்சுப் பற்றாக்குறையை நான் ஒருவனே ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

ஜனவரி 25, ஞாயிறு

தெருவிலேயே ஓடுவது என்று முடிவாகிவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து ரேஷன் கடை வரை போய்த் திரும்பினால் நானூறு மீட்டர். சைக்கிள் சக்கரத்தைச் சுற்றவிட்டு அளந்தவன் நான். முன்னால் சைக்கிளில் போய் நாய் விரட்டுபவனும் நான். ஆகவே பயிற்சியாளர் பொறுப்பை நானே எனக்கு வழங்கிக்கொண்டேன்.

விடியற்காலையில் தண்ணீர் லாரி வரும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். முதல் நாள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அத்தை சத்தமாகக் கேட்டாள்: “யாருடி இது, விடிஞ்சும் விடியாம? எவனாச்சும் தொரத்துறானா?”

“இல்லத்தே, நான்தான் ஒரு வேலையத் தொரத்திட்டு இருக்கேன்,” என்று ஓடிக்கொண்டே சொன்னாள் அக்கா.

இன்று மூன்றாவது நாள். அக்கா பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் அத்தையே கூவுகிறாள்: “குடத்த ஓரமா வைங்கடி, ரயிலு வருது!” குடங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக ஒதுங்கின. அக்கா நடுவில் போனாள். லாரிக்காரர் ஹாரன் அடித்து வழியனுப்பினார்.

என் பயிற்சிதான் காரணம்.

ஜனவரி 30, வெள்ளி

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். நீலமேகமே மறுபடி நிற்கிறார்.

ரேஷன் கடைக்கு முன்னால் ஒரு குழி இருக்கிறது. குழி என்று சொன்னால் மற்ற குழிகள் கோபித்துக்கொள்ளும். அது கண்மாய் ரகம். நேற்று அக்கா அதில் கால் வைத்து விழுந்தாள். முழங்காலில் தோல் பிய்ந்து ரத்தம். எழுந்து, நொண்டிக்கொண்டே சுற்றை முடித்தாள். வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அத்தை குடத்துத் தண்ணீரைச் சரித்துக் காலைக் கழுவிவிட்டாள். அரை மணி நேரம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர்.

அதற்கான என் பதிலடி: இன்று குழிக்குப் பக்கத்து மின்கம்பத்தில் ஒரு தாள். “நீலமேகம் நீச்சல் குளம். பெண்களுக்கு அனுமதி 10 முதல் 3 வரை. பண்பாட்டுக்கு உகந்த நீச்சல் உடை அவசியம்.” எட்டு மணிக்குள் ஊரிலுள்ள எல்லா வாட்ஸப் குழுவிலும் அது நீந்திவிட்டது. டீக்கடையில் சிரிக்கிறார்கள், பேருந்து நிலையத்தில் சிரிக்கிறார்கள். பத்து வருடமாக வாயைப் பொத்திச் சிரித்த ஊர் இன்று வாய்விட்டுச் சிரித்தது.

சாயங்காலம் அப்பா அந்தத் தாளை உரித்து மடித்து எடுத்து வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு. பசைதான் ஜாஸ்தி. எவனோ மைதாவ வீணாக்கியிருக்கான்,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். தாளைக் குப்பையில் போட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

அப்பா தலைவர் வீட்டுக்குப் போனார், மைதானச் சாவி கேட்க. நானும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். தலைவர் வீட்டு முற்றத்தில் நிறைய நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை என்பதால் அப்பா நின்றார். அப்பா நின்றதால் நானும் நின்றேன். நான் நின்றதால் அங்கிருந்த நாயும் எழுந்து நின்றது. அதற்காவது மரியாதை தெரிந்திருந்தது.

உச்சி வெயிலில் தலைவர் வெளியே வந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

“என்ன சொக்கலிங்கம்,” என்றார் தலைவர், சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டு. “வயசுக்கு வந்த புள்ளைக்கு மாப்ள பாக்காம மைதானம் பாக்குற?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

“போயி எலெக்சன் வேலையப் பாருய்யா. ஞாயித்துக்கெழம காலைல உன் தெரு வழியாத்தான் வர்றேன். ஆரத்தி ஜம்முனு இருக்கணும். ஒரு வீடு விடக் கூடாது.”

“சரிங்கய்யா.”

வரும் வழியில் அப்பா வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றார். தூசிக்கும் நகராட்சிதான் பொறுப்பு.

பிப்ரவரி 7, சனி

கட்சியிலிருந்து ஆரத்திச் சாமான்கள் வந்து இறங்கின. வெளியூர்க்காரர்கள் யாராவது இந்த நாட்குறிப்பைப் படித்தால் அவர்களுக்காக: ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு வாசல்தோறும் பெண்கள் ஆரத்தி எடுத்துப் பொட்டு வைக்க வேண்டும். முன்பெல்லாம் தெருவே தானாக எடுத்தது. இப்போது தட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, வெற்றிலை, சூடம் எல்லாவற்றையும் கட்சியே முந்தின நாள் கொடுத்துவிடுகிறது. அன்பையும் பார்சலில் அனுப்பும் வசதி.

அப்பா வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார். எவளாவது ஒருத்தி வேண்டாம் என்று முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன். ஒருத்திகூட மறுக்கவில்லை. செல்லத்தாயி அத்தை “தட்டு கனமாத்தான் இருக்கு” என்று சுண்டிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். சீ! தண்ணீர் இல்லை, ரோடு இல்லை, இவர்களிடம் ரோஷமும் இல்லை.

சாயங்காலம் அம்மாவும் தெருப் பெண்களும் எங்கள் வாசலில் கூடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். என் அழகு அப்படி.

பிப்ரவரி 8, ஞாயிறு

வரலாற்றுச் சிறப்புமிக்க நாள். நிதானமாக எழுதுகிறேன்.

தலைவர் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம். குடத்தோடு தண்ணீர் வரிசையில் நிற்கும் பெண்கள் எங்கும் தப்பிப் போக முடியாது. வெளிச்சம் வந்ததும் தாரை தப்பட்டையோடு திறந்த ஜீப் வந்தது. மேலே மாலையோடு தலைவர். முன்னால் கட்சிக் கொடியோடு அப்பா.

எதிர்த்திசையில் அக்கா கடைசிச் சுற்று வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சைக்கிளில் நான். ஜீப் தெருவை அடைத்து நின்றது. அக்கா நின்றாள். மூச்சு வாங்கியது. ஜீப் அசையவில்லை.

தலைவர் மைக்கிலேயே பேசினார்: “யாரும்மா அது? காலங்காத்தால பேண்ட்ட மாட்டிக்கிட்டு நடுரோட்டுல ஓடுறது? நம்ம பண்பாடு என்ன, பாரம்பரியம் என்ன? யாரு வீட்டுப் புள்ள இது?”

யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். நான்கு நாளைக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டார். தப்பட்டைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தெரு முழுவதும் அப்பாவைப் பார்த்தது.

அப்பா திரும்பினார். மைக் இல்லாமலே சொன்னார்.

“எம் புள்ளதாங்கய்யா.”

பிறகு இன்னொன்றும் சொன்னார்: “வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டச் சொல்லுங்க. அவ ஓடணும்.”

தலைவர் சிரித்து மழுப்பினார். “என்னய்யா நேரங்கெட்ட நேரத்துல… ஆரத்திக்கு ஆளுக வந்தாச்சு பாரு.”

வந்திருந்தார்கள். முதலில் எங்கள் வாசலிலிருந்து அம்மா, தட்டில் சூடம் எரிய. அவளுக்குப் பின்னால் செல்லத்தாயி அத்தை. அப்புறம், தப்பட்டைச் சத்தம் கேட்டதுமே குடத்தை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போயிருந்த தெருவே ஒவ்வொரு கதவாகத் திறந்து தட்டும் கையுமாக வந்தது. தலைவரின் முகம் மலர்ந்தது. பத்து வருடப் பழக்கம்: ஜீப்பிலிருந்து குனிந்தார், கண்ணை மூடினார், நெற்றியை நீட்டினார்.

அம்மா அந்த நெற்றியைத் தாண்டிப் போனாள்.

நேரே அக்காவிடம் போய், வியர்வையோடு நின்ற தன் மகளுக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆரத்தி நீரைத் தொட்டுப் பொட்டு வைத்தாள். அடுத்து அத்தை. அடுத்து மற்றவர்கள். யாரோ குலவை போட்டார்கள். அது அப்படியே தெருக்கோடி வரை போனது. கண்ணைத் திறந்த தலைவருக்கு நெற்றியை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“ஏத்தா, எனக்கு?” என்று மைக்கில் கேட்டுவிட்டார். மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

“உங்களுக்குப் பத்துலேர்ந்து மூணு மணிக்குள்ள எடுக்குறோம்யா. அப்பதான் பண்பாடு!” என்றாள் செல்லத்தாயி அத்தை.

தெரு வெடித்துச் சிரித்தது. ஆரத்தித் தண்ணீரை எல்லாரும் ஜீப்பின் முன்சக்கரத்தடியில் கொட்டினார்கள். டிரைவர் யாரும் சொல்லாமலே வண்டியை ஓரங்கட்டினார். அக்கா அந்தச் சிவப்பு ஈரத்தை ஒரே எட்டில் தாண்டி ஓடினாள். நெற்றியெல்லாம் பொட்டு. பார்ப்பதற்கு ஊர் எல்லைச் சாமி மாதிரி இருந்தாள்.

இத்தனையும் யாருடைய திட்டம் என்று வருங்காலம் கேட்கும். அடக்கத்தோடு சொல்கிறேன்: மூளை என்னுடையது. வீடு வீடாகப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான். சரியான சமயத்தில் சைக்கிள் மணியடித்துச் சைகை கொடுத்ததும் நான்.

“சட்டையெல்லாம் ஏண்டா நனஞ்சிருக்கு?” என்று கேட்டாள் அம்மா.

வியர்வை என்றேன். வீரத்துக்கு வியர்க்காதா?

பிப்ரவரி 9, திங்கள்

தலைமையிலிருந்து அறிக்கை வந்துவிட்டது. “கட்சியின் கொள்கைக்கும் கோட்பாட்டுக்கும் முரணாகச் செயல்பட்டதால் சொக்கலிங்கம் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.”

அம்மாவும் கட்சி உறுப்பினர்தான். அப்பாவே சேர்த்துவிட்டது. ஆகவே கட்சிக் கட்டுப்பாட்டின்படி அம்மா இன்று அப்பாவுக்குச் சோறு போடக் கூடாது என்று சுட்டிக்காட்டினேன்.

“அப்ப நீ போடுறா,” என்றார் அப்பா. சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு.

ஆனால் சாப்பிட்டு முடித்தபின் கொடியை மடித்துப் பரணில் வைக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. மடிப்பு நேராக வரவில்லை என்று திரும்பத் திரும்பப் பிரித்தார்.

பிப்ரவரி 14, சனி

ஆயுதப்படை மைதானம். உடன் வந்தவர்களை உள்ளே விடவில்லை. அப்பா அக்காவின் செருப்பையும் பையையும் கையிலேயே வைத்துக்கொண்டு மதிலோரம் நின்றார். கீழே வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் எட்டி எட்டிப் பார்த்தார். மதில் அவரைவிட உயரம்.

மத்தியானம் அக்கா வெளியே வந்தாள். முகம் புழுதி. எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

“என்னம்மா?” என்றார் அப்பா.

“மைதானம் சமமா இருந்துச்சுப்பா,” என்றாள். “குழியே இல்லாத தரை. கால் தானாப் போச்சு. மூணுலயும் பாஸ்.”

அப்பா செருப்பைக் கீழே போட்டார், பையையும் போட்டார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு டீக்கடையில், பேருந்தில், கேட்காத மனிதர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்: “எம் பொண்ணு. போலீஸு.” கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார், அவருக்கும் அதையே சொன்னார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நீலமேகம் தோற்றார். எங்கள் வார்டில் டெபாசிட்டும் போயிற்று. நகராட்சியே கட்சியின் கையை விட்டுப் போயிற்று. பத்து வருட ஆட்சி ஒரு ஆரத்தியில் அணைந்தது என்று ஊர் பேசுகிறது. அதெப்படி ஒரே ஆரத்தியில் அணையும்? தண்ணீர் வரிசையில் நின்றே திரி கருகிப் போயிருந்தது. ஆனால் ஊதியவன் நான் என்று பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவர் நாளை மறுநாள் என்னைப் பேட்டி எடுக்கிறார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மைதானத்துக் கேட்டைத் திறந்துவிட்டார்கள். போர்டைக் கழற்றிவிட்டார்கள். விடியற்காலையில் அக்கா போனாள். கூடவே செல்லத்தாயி அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கப் போனாள்.

சாயங்காலம் மைதான மேடையில் உட்கார்ந்து தெருப் பொடிசுகளுக்கு அன்றைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஜீப்பை மறித்ததும், தலைவர் நடுங்கியதும், நான் மணியடித்ததும். நல்ல கட்டத்தில் பின்னாலிருந்து அக்காவின் குரல்.

“ஏண்டா, தண்ணி லாரிக்குப் பின்னாடியிருந்து எல்லாம் நல்லாத் தெரிஞ்சுச்சா?”

பொடிசுகள் சிரித்த சிரிப்பில் மேடை ஆடியது.

சரி. எழுதிவிடுகிறேன். ஜீப்பைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்தவன் நான். ஒழுகும் குழாய்க்கு அடியில் நின்றது பயத்தில் தெரியவில்லை. திட்டம் பெண்களுடையது, எனக்குச் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்டுவிடுவேன் என்று அம்மா எல்லாரையும் எச்சரித்திருக்கிறாள். தெருவில் அது தெரியாமல் இருந்தது இரண்டே பேருக்கு. ஒருவன் நான். இன்னொருவர் அப்பா. அவர் வாய் தவறித் தலைவர் வீட்டில் சொல்லிவிடுவார் என்று அவரிடமும் சொல்லவில்லையாம்.

ஆக, துணைக்குத் தெருவே வரப்போகிறது என்று தெரியாமல்தான் அவர் அன்று பேசியிருக்கிறார்.

“தெரிஞ்சுச்சுக்கா,” என்றேன். உண்மையாகவே தெரிந்தது. லாரி நின்றது அப்பாவின் முதுகுப் பக்கம். அவர் “எம் புள்ளதாங்கய்யா” என்றபோது கையிலிருந்த கொடி படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றைக்குக் காற்றே இல்லை.

எனக்கும் அதே அளவு நடுக்கம்தான். நான் அதை எடுத்துக்கொண்டு ஒளிந்தேன். அவர் அதையும் வைத்துக்கொண்டு நின்று பேசினார். பேட்டிக்கு வந்த பையன்களை அப்பாவிடம் அனுப்பிவிட்டேன்.